மெதுவாக வாசிக்கச் சொல்லும் ஓட்டை

போன மார்ச் மாதம் என் மகளுக்குப் பியானோ பரீட்சை ரிசல்ட் வந்தது. பாஸ்தான். மார்க்கும் பரவாயில்லை. ஆனால் கீழே தேர்வாளர் எழுதியிருந்த இரண்டு வரியைத்தான் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். சுரம் எல்லாம் சரி, தாளமும் சரி, ஆனால் முதலிலிருந்து கடைசி வரை ஒரே சத்தம். மெஷின் வாசிப்பது போல இருக்கிறது. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

பதினொரு வயதுப் பிள்ளை. "நான் மெஷினாம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்கப்புறம் இரண்டு வாரம் பியானோ மூடியைத் திறக்கவில்லை. "திட்டினாங்கன்னு விட்டுடுவியா?" என்று நானும் வழக்கமான அம்மாத்தனத்தோடு கேட்டுப் பார்த்தேன். "திட்டல. உண்மையைத்தான் சொன்னாங்க. எனக்கு ஃபீலிங் வராது" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது? ஃபீலிங்கோடு வாசி, ஃபீலிங்கோடு வாசி என்று நாமும் சொல்கிறோம், டீச்சரும் சொல்கிறார். அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்வதில்லை.

அப்பா சோபாவில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் 1981-ல் இங்கே வந்தவர். அதற்கு வெகு காலம் முன்னால், கும்பகோணத்தில் பஜனை மடத்து ஹார்மோனியத்தை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பிரித்துப் போட்டு, திரும்பச் சேர்க்கத் தெரியாமல் அடி வாங்கியவர். "அந்த எக்ஸாமினர் நிஜமா ஒரு மெஷின் வாசிச்சுக் கேட்டிருப்பாங்களா? நல்ல மெஷின் அப்படி வாசிக்காதே" என்றார். பிறகு பேத்தியைப் பார்த்து, "சனிக்கிழமை கிளம்பலாம் கண்ணு. உன் உண்டியல்ல இருக்கற குவார்ட்டர் எல்லாம் எடுத்துக்கோ" என்றார்.

அப்படித்தான் நாங்கள் மூன்று தலைமுறையும் ஃப்ரீமான்ட்டிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ கடற்கரைக்குப் போனோம்.

நாற்பத்தைந்தாம் நம்பர் துறை

பார்ட் ரயிலில் எம்பார்கடேரோ நிலையம் வரை போய், அங்கிருந்து எஃப் லைன் பழைய டிராமில் ஏறிக்கொண்டால் கடலை ஒட்டியே ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் வரை போகலாம். காரில் போய் பார்க்கிங் தேடுவதை விட இது நல்லது. எங்களுக்குக் கிடைத்தது இத்தாலியில் மிலான் நகரத்தில் ஓடிய ஆரஞ்சு நிற டிராம். மர பெஞ்சு, கடகடவென்று சத்தம். அப்பாவுக்குப் பாதிப் பயணத்திலேயே சந்தோஷம் வந்துவிட்டது.

டெய்லர் தெரு கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது நாற்பத்தைந்தாம் துறை. பக்கத்திலேயே பம்பானிட்டோ என்ற இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கிக் கப்பல் கட்டப்பட்டிருக்கும். அதன் எதிரே பெரிய கொட்டகை போன்ற கட்டடத்துக்குள்தான் மியூசே மெக்கானிக். மியூசியம் என்று பெயர், ஆனால் 'தொடாதே' என்ற பலகை கிடையாது. உள்ளே போகக் காசு வேண்டாம். காசு மெஷின்களுக்குத்தான்.

எட்வர்ட் காலண்ட் ஸெலின்ஸ்கி என்பவர் சிறுவனாக இருந்தபோதே சேர்க்க ஆரம்பித்த சேகரிப்பு இது. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட மெஷின்கள். முன்பு நகரத்தின் மேற்குக் கரையில், கிளிஃப் ஹவுஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. 2002-ல் இங்கே மாறியது. இப்போது அவருடைய மகன் பார்த்துக்கொள்கிறார். கை பிடித்துப் பலம் பார்க்கும் மெஷின், ஜோசியம் சொல்லும் பாட்டி, கைப்பிடியைச் சுற்றினால் ஓடும் படம், பல்குச்சியால் கட்டிய ராட்டினம் எல்லாம் உண்டு. வாசல் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் லாஃபிங் சால் என்ற ஆள் உயரத்தை விடப் பெரிய பொம்மை. காசு போட்டால் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு ஹாலின் அடுத்த கோடி வரை கேட்கும். அதற்கு ஒரே வால்யூம்தான்.

சுவரோரம் பழைய பியானோக்கள் இருந்தன. அப்பா நேரே அங்கே போனார்.

ஒரு காசு, ஒரு பாட்டு

ஓக் மரம், வண்ணக் கண்ணாடி, பக்கத்தில் காசு போடும் துளை. மகள் காசைப் போட்டாள். உள்ளே மோட்டார் உறுமியது. காகிதச் சுருள் மெல்ல நகர ஆரம்பித்தது. ஆளே இல்லாமல் கட்டைகள் தானாக இறங்கி ஏறின. கடைத்தெரு பேண்டு போல ஒரு துள்ளல் பாட்டு.

"பேய் வாசிக்கற மாதிரி இருக்கு" என்றாள். பிறகு, "ஸ்கிப் பண்ண முடியாதா?"

முடியாது. இந்த மாதிரி மெஷின்களில் ஒரு சுருளில் பொதுவாகப் பத்துப் பாட்டு இருக்கும். ஒரு காசுக்கு அடுத்த பாட்டு எதுவோ அதுதான். பாட்டு முடியும் இடத்தில் காகிதத்தில் ஒரு ஓட்டை. அது மெஷினை நிறுத்தும். பத்தும் முடிந்ததும் இன்னொரு ஓட்டை. அது சுருளை முதலிலிருந்து திருப்பிச் சுற்றிக்கொள்ளச் சொல்லும். அந்தக் காலத்தில் மதுக்கடை, ஐஸ்கிரீம் கடை, நடனக் கூடம் என்று எல்லா இடத்திலும் இவை இருந்தன. பாட்டுக்கு ஐந்து சென்ட். சிகாகோவில் ஸ்வீடனிலிருந்து குடியேறிய சீபர்க் என்பவர் தொடங்கிய கம்பெனி, நியூயார்க் மாநிலத்தில் வுர்லிட்சர் கம்பெனி, இன்னும் பல கம்பெனிகள் 1900-க்கும் 1930-க்கும் இடையில் ஆயிரக்கணக்கில் செய்தன.

இரண்டாவது பாட்டின் நடுவில் மகள் திடீரென்று தலையைச் சாய்த்தாள். "தாத்தா, இப்ப மெதுவாயிடுச்சு!"

உண்மைதான். அதே வேகம், அதே பாட்டு. ஆனால் அடுத்த அறையிலிருந்து வருவது போல சத்தம் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பெரிதானது.

"யாரு குறைச்சது?" என்று அப்பா கேட்டார். அவள் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

காற்றை உறிஞ்சும் துருத்தி

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதை, நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். வீட்டில் பியானோவோ வீணையோ கற்கும் பிள்ளை இருந்தால் இதைச் சேர்ந்து படித்துப் பாருங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் கஷ்டமில்லை.

"ஹார்மோனியத்துல துருத்தி காத்தைத் தள்ளும். இதுல துருத்தி காத்தை உறிஞ்சும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் அப்பா. மோட்டார் ஒரு பெரிய துருத்தியை ஓட்டி, பியானோவுக்குள் இருக்கும் குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காகிதச் சுருள் ஒரு பட்டையின் மேல் ஒட்டினாற்போல் நகரும். அந்தப் பட்டையில் வரிசையாகத் துளைகள். காகிதம் மூடியிருக்கும் வரை ஒன்றும் நடக்காது. காகிதத்தில் ஓட்டை வந்து துளைக்கு நேராக நின்றால் வெளிக்காற்று உள்ளே நுழையும். அது ஒரு மெல்லிய தோலை உப்ப வைக்கும். தோல் ஒரு சின்ன வால்வைத் தூக்கும். வால்வு திறந்ததும் விரல் அகலமுள்ள ஒரு குட்டித் துருத்தியிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு அது சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது பியானோவின் சுத்தியைத் தள்ளும். சுத்தி கம்பியில் அடிக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு துளை, ஒரு குழாய், ஒரு குட்டித் துருத்தி.

இங்கேதான் விஷயம். ஓட்டை என்பது இருக்கிறது அல்லது இல்லை. 'ச' வாசி என்று அதனால் சொல்ல முடியும். ஓட்டை நீளமாக இருந்தால் 'ச'வை இழுத்துப் பிடி என்று சொல்ல முடியும். எவ்வளவு சத்தமாக என்று அந்த ஓட்டையால் சொல்லவே முடியாது.

வீட்டில் வைத்திருந்த பழைய காலத் தானியங்கிப் பியானோக்களில் இது ஒரு பிரச்சினை இல்லை. அவற்றைக் காலால் மிதித்து ஓட்டுவார்கள். மிதிக்கும் வேகத்தாலும் கையருகே இருக்கும் சின்ன நெம்புகோல்களாலும் ஆள் சத்தத்தை ஏற்றி இறக்குவார். சுரம் காகிதத்தில், பாவம் ஆளிடம். காசு போடும் பியானோவின் முன் அப்படி ஆள் இல்லை. காசு போட்டவர் கையில் கிளாசை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார். அப்போது பாவத்தையும் காகிதத்திலேயே வைத்தாக வேண்டும். வேறு ஓட்டையாக.

அன்று அமெரிக்காவில் மிகப் பரவலாக இருந்த 'ஏ' வகைச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் பதினொன்றேகால் அங்குலம். ஒரு அங்குலத்துக்கு ஆறு துளை வீதம் மொத்தம் 65 துளை. அதில் 58 துளைதான் சுரங்களுக்கு. மீதித் துளைகளில் ஒன்று 'பாட்டு முடிந்தது', ஒன்று 'திருப்பிச் சுற்று', ஒன்று குழல் அல்லது சைலஃபோன் போன்ற கூடுதல் வாத்தியம், ஒன்று மேண்டலின் ஓசை, ஒன்று சுரம் நீண்டு ஒலிக்கச் செய்வது. சத்தத்துக்கு ஒன்றே ஒன்று: 'மெதுவாக வாசி'.

"அறுபத்தஞ்சுல ஒண்ணே ஒண்ணா?" என்றாள் மகள்.

"குடிச்சிட்டுக் கத்தற கடையில அதுவே ஜாஸ்தி" என்றார் தாத்தா.

பாதி தூரத்து அடி

அந்த ஓட்டை என்ன செய்யும்? பியானோவின் சுத்திகள் எல்லாம் ஒரு நீண்ட மரக்கட்டையில் சாய்ந்து ஓய்வெடுக்கும். 'மெதுவாக' ஓட்டை வந்ததும் பெரிய துருத்தி ஒன்று அந்தக் கட்டையை முன்னால் தள்ளும். எல்லாச் சுத்தியும் ஒரே சமயத்தில் கம்பிக்கு அருகே போய்விடும். ஓங்கி அடிக்க இடம் இருக்காது. பாதி தூரம் ஓடி வந்து அடித்தால் வேகம் குறைவு, வேகம் குறைந்தால் சத்தம் குறைவு. நாம் கையை ஓங்காமல் முதுகில் தட்டுவது போல.

சத்தத்தைக் கட்டுப்படுத்த இன்னொரு வழி உறிஞ்சும் விசை. விசை அதிகமாக இருந்தால் குட்டித் துருத்தி வேகமாகச் சுருங்கும், சுத்தி பலமாக அடிக்கும். விசை குறைந்தால் தடவினாற்போல் அடிக்கும். ஆனால் இதில் ஒரு சிக்கல். ஒரே சமயத்தில் பத்து சுரம் வந்தால் பத்துத் துருத்தியும் விசையைப் பங்கு போட்டுக்கொள்ளும், சத்தம் தொங்கிவிடும். அதனால் இடையில் ஸ்பிரிங் வைத்த ஒரு சேமிப்புத் துருத்தி இருக்கும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மாதிரி, திடீர்ச் செலவை அது சமாளிக்கும். அந்த ஸ்பிரிங்கை இறுக்கினால் பியானோ முழுவதுமே சத்தமாகும், தளர்த்தினால் அடங்கும். பெரிய மெஷின்கள் சிலவற்றில் ஜன்னல் சட்டம் போன்ற மரப் பலகைகள் திறந்து மூடும். சத்தத்தை உள்ளேயே பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை தீராது. சுத்திக் கட்டையைத் தள்ளினால் எல்லாச் சுரமும் மெதுவாகும். வலது கை மெட்டு தூக்கலாகவும் இடது கை அடக்கமாகவும் வராது. சுருளைத் தயாரித்தவர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். பெரிதாகக் கேட்க வேண்டிய இடத்தில் அதே சுரத்தை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் சேர்த்துத் துளையிடுவார்கள். அடங்க வேண்டிய இடத்தில் சுரங்களைக் குறைத்துவிடுவார்கள். சத்தத்தை ஏற்ற முடியாவிட்டால் ஆட்களைக் கூட்டு என்கிற கணக்கு. நம் ஊர்க் கோயிலில் ஒருவர் பாடினால் கேட்காது என்று எட்டுப் பேர் சேர்ந்து பாடுவதில்லையா, அதுதான்.

இந்தச் சுருள்களில் பலவற்றை யாரும் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்யவில்லை. ஒருவர் மேசையில் பெரிய காகிதத்தை விரித்து, எந்த இடத்தில் எந்த ஓட்டை என்று பென்சிலால் கோடு போட்டு, பிறகு துளையிட்டார்கள். அதாவது, அந்த மெதுவான இடத்தை ஒரு மனிதர் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். இங்கே அடங்கினால் நன்றாக இருக்கும் என்று யோசித்து, பென்சிலால் குறித்து.

மகள் இதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு காசைப் போட்டாள். இந்தத் தடவை கட்டைகளைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டாள்.

ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு

வெளியே வந்து, புளிப்பு மாவு ரொட்டியில் சூப் ஊற்றித் தரும் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். அப்பாவுக்கு அந்த ரொட்டி பிடிக்காது. தயிர் சாத டப்பாவைத் திறந்தார். மகளுக்குக் கேள்வி தீரவில்லை. மெதுவாக, சத்தமாக என்று இரண்டுதானா? நடுவில் ஒன்றும் கிடையாதா?

நடுவிலும் உண்டு. ஆனால் அது பணக்கார வீட்டு மெஷின். 1904-ல் ஜெர்மனியில் வெல்டே கம்பெனி, ஒரு கலைஞர் வாசித்ததை அவருடைய ஏற்ற இறக்கத்தோடு திருப்பி வாசிக்கும் பியானோவைக் கொண்டு வந்தது. டெபுஸ்ஸி, கிரீக் போன்றவர்களே அதற்கு வாசித்திருக்கிறார்கள். பிறகு அமெரிக்காவில் டூவோ-ஆர்ட் என்று ஒன்று வந்தது. அதில் சத்தத்தை முடிவு செய்ய நான்கு ஓட்டைகள். நான்கும் நான்கு சின்னத் துருத்தி மடிப்புகளை இயக்கும். முதல் மடிப்பு ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு சுருங்கும். அடுத்தது அதைப் போல் இரு மடங்கு. அடுத்தது நான்கு மடங்கு. கடைசி எட்டு மடங்கு. மடிப்பு எவ்வளவு சுருங்குகிறதோ அந்த அளவுக்கு உறிஞ்சும் விசை ஏறும்.

அப்பா மேசையில் நான்கு காசை வரிசையாக வைத்து, 1, 2, 4, 8 என்று டிஷ்யூ பேப்பரில் எழுதினார். "அஞ்சு வேணும்னா?"

"ஒண்ணும் நாலும்."

"பதினொண்ணு?"

"எட்டு, ரெண்டு, ஒண்ணு." பிறகு நிமிர்ந்து, "தாத்தா, இது பைனரி! ஸ்கூல்ல கோடிங் கிளாஸ்ல இதான்" என்றாள்.

அதேதான். நான்கு ஓட்டையில் பூஜ்ஜியத்திலிருந்து பதினைந்து வரை பதினாறு நிலை. இதே போல இரண்டு தொகுதி. ஒன்று மெட்டுக்கு, ஒன்று பக்கத் துணைக்கு. மெட்டுச் சுரம் எது என்று காட்டக் காகிதத்தின் ஓரத்தில் பாம்பு கடித்த அடையாளம் போல இரண்டு குட்டி ஓட்டைகள் அருகருகே இருக்கும். அது வரும்போது அந்தச் சுரம் மட்டும் தூக்கலாக விழும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் தோலும் காற்றும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கின்றன.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. துருத்தி சுருங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதனால் சத்தத்துக்கான ஓட்டை சுரத்துக்கான ஓட்டையை விடச் சற்று முன்னாலேயே வர வேண்டும். சுரம் வந்த பிறகு 'மெதுவாக' என்று சொன்னால் வேலைக்காகாது, அடி விழுந்துவிடும். முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

"டீச்சரும் அதைத்தான் சொல்லுவாங்க. கை கீழ போறதுக்கு முன்னாடி யோசின்னு" என்றாள் மகள், சூப்பைப் பார்த்துக்கொண்டே.

பியானோவிலிருந்து விமானத்துக்கு

காசுப் பியானோக்களின் காலம் நீடிக்கவில்லை. 1920-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு வந்து மதுக்கடைகள் மூடின. பிறகு ரேடியோ வந்தது. மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கும் கருவி வந்ததும் இசைத்தட்டே ஒரு ஹாலை நிரப்ப முடிந்தது. சீபர்க்கும் வுர்லிட்சரும் ஜூக்பாக்ஸ் செய்யப் போனார்கள். அதில் வால்யூமுக்கு ஒரு குமிழ். திருகினால் எல்லாம் ஏறும், எல்லாம் இறங்கும்.

ஆனால் அந்தத் துருத்திகள் வேறு ஒரு வேலைக்குப் போயின. நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டன் ஊரில் லிங்க் என்ற குடும்பம் இந்தக் காசுப் பியானோக்களையும் ஆர்கன்களையும் செய்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை எட்வின் லிங்குக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. பாடத்துக்கு ஆகும் செலவோ அதிகம். தொழிற்சாலையில் இருந்த பம்பையும் துருத்தியையும் வைத்து, தரையிலேயே சாய்ந்து திரும்பும் ஒரு குட்டி விமானத்தை 1920களின் கடைசியில் செய்தார். முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்களில்தான் அது வாங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டார்கள். சுத்தியை மெதுவாகத் தள்ளத் தெரிந்த துருத்திக்கு இறக்கையை மெதுவாகச் சாய்க்கவும் தெரிந்திருக்கிறது.

டிராமில் திரும்பும்போது இதைச் சொன்னேன். அப்பா தூங்கிவிட்டார். மகள் கேட்டாளா என்று தெரியவில்லை.

வீட்டுப் பியானோவின் மூடி

வீட்டுக்கு வந்ததும் அப்பா பியானோவின் மேல் மூடியைத் திறக்கச் சொன்னார். எங்களுடையது பழைய விலைக்கு வாங்கிய நிமிர்ந்து நிற்கும் பியானோ. நாலு வருஷமாக இருக்கிறது, உள்ளே பார்த்ததில்லை. செல்போன் வெளிச்சத்தை அடித்தோம். வரிசையாகச் சுத்திகள், அவை சாய்ந்திருக்கும் நீண்ட கட்டை.

"இடது பெடலை மிதி."

மிதித்தாள். எல்லாச் சுத்தியும் ஒன்றாகக் கம்பி பக்கம் குனிந்தன. அதே கட்டை, அதே பாதி தூரம். மதுக்கடை மெஷினில் துருத்தி செய்ததை இங்கே கால் செய்கிறது. அவள் மூன்று நான்கு தடவை மிதித்து மிதித்துப் பார்த்தாள்.

"அப்ப நான் பெடலை மிதிச்சா போதுமா?"

"மிதிச்சா மெஷின் மாதிரி எல்லாமே மெதுவாகும்" என்றார் அப்பா. "பெடல்ல இருந்து காலை எடு. இப்ப வலது கை சத்தமா, இடது கை மெதுவா வாசி."

வாசித்தாள். முதல் தடவை இரண்டும் சத்தமாக வந்தது. இரண்டாம் தடவை இரண்டுமே மெதுவாக வந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆறாவது ஏழாவது தடவையில் ஒரு நான்கு சுரத்துக்கு மட்டும் சரியாகப் பிரிந்து வந்தது. அந்தக் காசுப் பியானோவால் கடைசி வரை செய்ய முடியாமல் போன காரியம் அது.

நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஃபீலிங் வராது என்று சொன்ன பிள்ளைக்கு இரண்டு வாரமாக நான் தேடிய பதில் இதுதானோ என்று தோன்றியது. பாவம் என்பதை நாம் ஏதோ வானத்திலிருந்து இறங்கும் விஷயம் போலப் பேசுகிறோம். இருப்பவருக்கு இருக்கும், இல்லாதவருக்கு இல்லை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மேசைக்காரர் அதை ஒரு வேலையாகத்தான் செய்தார். எங்கே அடங்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்து, முடிவு செய்து, சுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஓட்டை போட்டார். கற்றுக்கொள்ளக்கூடிய வேலை.

மறுநாள் காலை பியானோ மேல் அவளுடைய பாடப் புத்தகம் திறந்திருந்தது. சுரங்களுக்கு மேலே பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள். சில இடங்களில் ஒன்று, சில இடங்களில் அருகருகே இரண்டு. ஒன்றை அழித்துக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் போட்டிருந்தாள்.

அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டேன். "தெரியலம்மா. பார்க்கலாம்" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

போக நினைப்பவர்களுக்கு

குவார்ட்டர் காசு நிறைய எடுத்துப் போங்கள். உள்ளே நோட்டை மாற்றிக்கொள்ளவும் மெஷின் உண்டு. கூட்டம் சேர்ந்தால் லாஃபிங் சாலின் சிரிப்பில் பியானோவின் மெதுவான இடங்கள் காதில் விழாது. காலையிலேயே போய்விடுவது நல்லது. தூக்குத் தண்டனை, கில்லட்டின் போன்றவற்றைக் காட்டும் பழைய காலப் பொம்மைப் பெட்டிகளும் சில இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் ஒரு சுற்று தனியாகப் பார்த்துவிடுங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோ தூரம் என்றால், லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு பிரென்ட்ஃபோர்டில் மியூசிக்கல் மியூசியம், நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரில் ஸ்பீல்க்ளாக் மியூசியம், ஜெர்மனியில் ரூடெஸ்ஹைம் ஊரில் சீக்ஃபிரீடின் இயந்திர இசைக் கூடம் இருக்கின்றன. அங்கெல்லாம் வழிகாட்டியே மெஷின்களை ஓட்டிக் காட்டுவார். ஓடும்போது பிள்ளைகளிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: எங்கே சத்தம் குறைகிறது என்று கையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

எங்குமே போக முடியாவிட்டால் வீட்டிலேயே ஒரு சோதனை. ஒரு பிளாஸ்டிக் பையின் வாயை வாக்யூம் கிளீனர் குழாயில் இறுக்கிப் பிடித்து, முதலில் குறைந்த வேகத்திலும் பிறகு அதிக வேகத்திலும் ஓட விடுங்கள். பை சுருங்கும் வேகத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பைக்கு எதிரே ஒரு சுத்தி இருப்பதாக நினைத்துக்கொண்டால் காசுப் பியானோவின் சத்தமும் மெதுவும் புரிந்துவிடும். பிறகு, வீட்டில் நிமிர்ந்த பியானோ இருந்தால் மூடியைத் திறந்து இடது பெடலை மிதித்துப் பாருங்கள். நாங்கள் நாலு வருஷம் தாமதம்.